கிரில் கோழி: எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டு இதழுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "டவுனுக்குப் போனால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றுகிற கோழியைக் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? நல்லதா, கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" நன்றாக வெந்ததா என்று பார்த்து வாங்குங்கள், சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் நான்கு வரியில் பதில் சொல்லியிருந்தார். சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் சுற்றுகிற கோழியை வளர்த்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். 5,000 கோழி பிடிக்கிற ஒரு ஷெட். 13 வருடமாக ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறோம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட், தண்ணீர், கரண்டு, ஆள் எல்லாம் நம்முடையது. லாரி வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போனால் எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். என் வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, ஷெட்டை நான் பார்க்கிறேன். கோழி என் ஷெட்டை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்று கடைகளில் நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்ததையும், ஷெட்டில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஊசி போட்டு வளர்ப்பதில்லை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாளில் இரண்டு கிலோ வருகிறதே, ஊசி போடாமல் எப்படி வரும் என்று கேட்காத ஆள் இல்லை. 5,000 கோழிக்கு வளர்ச்சி ஊசி போட வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட வேண்டும், அதுவும் ஒரு முறை போட்டால் போதாது. அந்த ஆள் கூலிக்கே எங்கள் வளர்ப்புக் கூலி பத்தாது.

இந்த வளர்ச்சி ரகத்திலிருந்து வருகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய ரகங்களையும் புது ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் 1957-ஆம் ஆண்டு ரகம் 905 கிராம். 1978 ரகம் 1,808 கிராம். 2005 ரகம் 4,202 கிராம். தீவனம் ஒன்று, பராமரிப்பு ஒன்று. மாறியது பரம்பரை மட்டும்தான். வேகமாக வளர்கிற சேவலையும் பெட்டையையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததன் பலன் அது. நம் பெரியவர்கள் காளைக்கும் நெல்லுக்கும் செய்ததைத்தான் கோழிக்கு வேகமாகச் செய்திருக்கிறார்கள்.

அதனால் பிராய்லர் என்றாலே கெட்டது என்று ஒதுக்குவதும் தவறு, எல்லாம் ஒன்றுதான் என்று கண்ணை மூடி வாங்குவதும் தவறு. ஒரே ஷெட்டில் வளர்ந்த இரண்டு கோழி இரண்டு கடைக்குப் போய் இரண்டு விதமாக ஆகிவிடும்.

கம்பிக்குச் சின்னக் கோழிதான்

கிரில் கடைக்காரர்கள் கேட்பது சின்னக் கோழி. உயிர் எடை 1.2 கிலோவிலிருந்து 1.4 கிலோ வரை. எங்கள் பக்கம் இதைத் தந்தூரி சைஸ் என்பார்கள். நாலு வாரத்துக் கோழி. சுத்தம் செய்து தோலோடு எடுத்தால் ஒரு கிலோவுக்குள் நிற்கும்.

சின்னதாகக் கேட்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. முழுக்கோழியைத் தீயில் சுற்றும்போது சூடு வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். இரண்டரைக் கிலோ கோழியை மாட்டினால் நெஞ்சுக்கறி காய்ந்து நாராகிவிடும், தொடை மூட்டு இன்னும் வேகாமல் இருக்கும். பெரிய கோழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மிக வேகமாக எடை ஏறிய கோழிகள் சிலவற்றில் நெஞ்சுக்கறி மரக்கட்டை போல விறைத்திருக்கும், வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடியிருக்கும். தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் மென்றால் ரப்பர் மாதிரி இருக்கும். நாலு வாரக் கோழியில் இது குறைவு.

ஆகவே பெட்டிக்குள் பார்க்கும்போது எல்லாக் கோழியும் ஏறக்குறைய ஒரே அளவில், கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கம்பியில் ஒன்று பெரிசும் ஒன்று சின்னதுமாக இருந்தால், ஒன்று வெந்து முடியும்போது இன்னொன்று வேகாது. எதை வைத்து இறக்குவார்கள்?

விலைக் கணக்கு

நாம் விவசாயிகள், கணக்குப் போடத் தெரியும். சந்தையில் உயிர்க்கோழி கிலோ 140 ரூபாய் விற்கிற நாள் என்று வையுங்கள். 1.4 கிலோ கோழி 196 ரூபாய். கடைக்காரர் மொத்தமாக எடுப்பதால் 160-க்குக் கிடைத்தது என்றே வைப்போம். மசாலா, எண்ணெய், கேஸ், கூலி, வாடகை, பார்சல் கவர், கூடவே கொடுக்கிற குப்பூஸ், மயோனைஸ் எல்லாம் சேர்த்தால் 300 ரூபாயைத் தொட்டுவிடும். எங்கள் டவுனில் முழுக் கிரில் 400 ரூபாய்க்குப் பக்கம் போகிறது. இது நியாயமான விலை.

அப்படியிருக்க, ஒருவர் அதே நாளில் முழுக் கிரில் 200 ரூபாய் என்று பலகை வைத்தால் யோசிக்க வேண்டும். கடை திறந்த முதல் வாரம் ஆள் சேர்க்க நஷ்டத்துக்கு விற்கலாம், அது நடக்கிறதுதான். அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற பெரிய மளிகைக் கடைக்காரர்கள் இப்படிச் சுட்ட கோழியைப் பல வருடமாக 4.99 டாலருக்கே விற்கிறார்கள். கோழியில் லாபம் பார்ப்பதில்லை. கோழி வாங்க வருகிறவர்கள் வண்டி நிறைய மற்ற சாமான் வாங்கிப் போவார்கள், அதில் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மூர் ரோட்டோரக் கடையில் கோழியைத் தவிர விற்க வேறென்ன இருக்கிறது? வருடம் முழுக்க அடக்க விலைக்குக் கீழே விற்றால், அந்தக் கோழி எங்கிருந்து, எந்த நிலையில் வந்தது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ கோழியைச் சுட்டால் தண்ணீரும் கொழுப்பும் போய் 700, 750 கிராம் ஆகும். அதில் எலும்பு போக அரைக் கிலோ கறி தேறினால் அதிகம். நாலு பேருக்கு ஒரு கோழி என்பது ருசி பார்க்கத்தான்.

சுடுவதற்கு முன்னால்

முடிந்தால் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குக் கடைப் பக்கம் போங்கள். அப்போதுதான் கம்பியில் மாட்டுவார்கள். மசாலா தடவியிருந்தாலும் சில விஷயம் தெரியும்.

இறக்கை நுனியையும் கழுத்துத் தோலையும் பாருங்கள். உயிரோடு அறுத்து ரத்தம் நன்றாக வடிந்த கோழியில் இவை வெளுப்பாக, லேசான மஞ்சளாக இருக்கும். ரத்தம் வடியாத கோழியில் இறக்கை நுனி கருஞ்சிவப்பாக இருக்கும், நரம்பு தெரியும். வழியில் செத்த கோழியை அறுத்தால் இப்படித்தான் இருக்கும். கோடையில் லாரியில் கொஞ்சம் சாவது உண்டு, அதை எடுத்துக் குழியில் போட்டுவிட வேண்டும். அதைத் தனியாக விலை பேசுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது, கன்றிப்போன இடம். கோழி பிடிக்கும்போதோ கூண்டில் திணிக்கும்போதோ அடிபட்டால் முதலில் சிவக்கும், பிறகு ஊதா, ஒரு நாள் போனால் பச்சை கலக்கும். சிவப்பாக இருந்தால் அறுப்பதற்குச் சற்று முன் அடிபட்டது. பச்சையாக இருந்தால் அடிபட்டு ஒரு நாளுக்கு மேல் ஆனது. அந்த இடத்தை வெட்டி எறிந்தால் போதும், கோழி முழுவதும் வீண் இல்லை.

மூன்றாவது, நான் எந்தக் கோழியிலும் முதலில் பார்க்கிற இடம், கால் வெட்டிய மூட்டு. அங்கே தோல் கருகினாற்போல் பழுப்புப் புண் இருந்தால் அந்தக் கோழி ஈரக் கூளத்தில் உட்கார்ந்து வளர்ந்தது. ஷெட்டில் தரையில் தேங்காய் நார்த்தூளோ உமியோ கடலைத் தொலியோ போடுகிறோம். தண்ணீர் நிப்பிள் ஒழுகி, கூளம் நனைந்து, கிளறிவிடாமல் விட்டால் எச்சத்தில் அம்மோனியா கிளம்பும். அதில் உட்கார உட்கார மூட்டு வெந்துபோகும். தினமும் காலையில் இறங்கிக் கூளத்தைக் கிளறிவிட்டால் இது வராது. என் கோழி மூட்டைப் பார்த்து சூப்பர்வைசர் ஒரு தரம் சொன்னார், "அக்கா, உங்க ஷெட்டுக் கோழிய காலப் பாத்தே சொல்லிரலாமுங்க." எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். எந்தப் பண்ணைக் கோழி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆனால் எப்படி வளர்ந்தது என்பதை அந்த மூட்டு சொல்லும்.

மெஷின் முன்னால் நின்று

இனி சுடுகிற இடம். கம்பியில் கோழிகளை ஒன்றோடொன்று இடித்து நெருக்கி மாட்டியிருந்தால், ஒட்டியிருக்கிற பக்கம் வெளுத்தே இருக்கும். அங்கே சூடு போகவில்லை. இரண்டு கோழிக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். இறக்கைக்கு அடியிலும், தொடை உடம்போடு சேருகிற மடிப்பிலும் நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள். கடைசியாக வேகிற இடம் அவைதான்.

தோல் பளபளப்பாக, இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் இப்போது சுட்டது. கொழுப்பு உருகித் தோலிலேயே வழிந்துகொண்டிருக்கும். தோல் சுருங்கி, மங்கி, கால் எலும்பு ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நெடுநேரமாகச் சுற்றுகிறது, அல்லது ஆறிப்போனதை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். அதில் நெஞ்சுக்கறி தேங்காய் நார் போல இருக்கும்.

கீழே எண்ணெய் விழுகிற தட்டைப் பாருங்கள். இன்றைய எண்ணெய் மஞ்சளாக, ஓடுகிற பதத்தில் இருக்கும். கறுத்துப் பிசின் போல ஒட்டியிருந்தால் அது பல நாள் கதை. வெட்டுகிற கட்டையையும் பாருங்கள். பச்சைக் கோழியை வெட்டிய அதே கட்டையில், அதே கத்தியில் சுட்ட கோழியையும் வெட்டினால், ஒன்றரை மணி நேரம் சுட்டதற்கே பலன் இல்லை. பச்சைக் கறியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். தீயில் அவை சாகும். கட்டையிலிருந்து வந்து மறுபடி ஒட்டினால் அதைச் சாகடிக்க இனித் தீ இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். இரண்டு கட்டை வைத்திருக்கிற கடை என்றால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "ஏனுங்க தம்பி, இது எத்தன மணிக்கு ஏத்துனதுங்க?" ஒழுங்கான கடைக்காரர் யோசிக்காமல் சொல்லுவார்: "அஞ்சரைக்குங்கக்கா, இன்னும் பத்து நிமிசத்துல எறக்கிருவோமுங்க." பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தால் நாமும் வேறு கடை பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் தீ அணைந்த பெட்டிக்குள் தொங்குகிற கோழியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

சிவப்பு நிறம்

பிள்ளைகளை இழுப்பது அந்தச் சிவப்புதான். மிளகாயும் மஞ்சளும் தயிரும் ஊறித் தீயில் காய்ந்த நிறம் செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கும், இடத்துக்கு இடம் மாறும். கலர்ப் பொடி போட்ட நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, கண்ணைப் பறிக்கும். இப்படிச் சமைத்த கறியில் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதி இல்லை. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப் வகைகளுக்குச் செயற்கை நிறம் போடக் கூடாது என்று தனியாகவே தடை போட்டார்கள்.

வீட்டில் பார்க்க ஒரு வழி. ஒரு துண்டுத் தோலைக் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். மிளகாய் நிறமும் மஞ்சள் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. மேலே ஆரஞ்சு எண்ணெய் மிதக்கும், தண்ணீர் கொஞ்சம் கலங்கும். அப்படியில்லாமல் தண்ணீரே சர்பத் மாதிரி சிவந்துவிட்டால் கலர்ப் பொடி என்று சந்தேகப்படலாம். அடுத்த தரம் அந்தக் கடைக்குப் போக வேண்டாம்.

வெந்ததா என்று பார்க்க

வெட்டும்போது காலைப் பிடித்து லேசாகத் திருகச் சொல்லுங்கள். வெந்த கோழியில் தொடை மூட்டு தானாகக் கழன்று வரும். தொடையின் தடித்த இடத்தில் கத்தியை இறக்கினால் வடிகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும். ரத்தம் கலந்து வந்தால் மறுபடி தீயில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்து வேகவில்லை என்று சண்டை போடாதீர்கள். நாலு வாரக் கோழிக்கு எலும்பு இன்னும் முற்றியிருக்காது. உள்ளே இருக்கிற மஜ்ஜையின் நிறம் எலும்பு வழியாகக் கசிந்து கறியில் படியும். நன்றாக வெந்த கோழியிலும் அது வரும். உறைய வைத்த கோழியில் இன்னும் அதிகமாக வரும். சரியான கணக்கு சூடுதான். தொடையின் உள்பக்கம் 75 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்தது. குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்காரர் ஒன்று வாங்கி வைத்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

கெடுவது கடையில் மட்டுமல்ல

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் என் பெரியப்பா மகன் வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள். சித்திரை வெயில் காலம். இரவு எட்டு மணிக்கு டவுனிலிருந்து இரண்டு கிரில் கோழி வாங்கி வந்தார். எல்லோரும் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. மிச்சத்தைத் தட்டுப் போட்டு மூடி அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆத்தாளும் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டார்கள். மத்தியானம் மூன்று பேருக்கும் வாந்தி, பேதி. பிள்ளைகள் சாயங்காலம் தெளிந்துவிட்டார்கள். ஆத்தாளுக்கு எழுபது வயது, தாங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. கை சில்லிட்டுப்போய்ப் பேச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் உயிர் போய்விட்டது. நல்லவேளை பிழைத்துக்கொண்டார்.

இரவு முழுக்க வெளியே வைத்ததுதான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஊசி போட்ட கோழி, பிராய்லர் விஷம் என்று. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார், "இதத்தான் வளத்து ஊருக்குக் குடுக்கறீங்களா அக்கா?" அன்று வந்த கோபத்தில்தான் இதையெல்லாம் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற சூடு கிருமிக்குப் பிடித்த சூடு. நம் சமையலறை அதற்கு நடுவில்தான் இருக்கிறது. சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம்தான். நமக்கு வருடத்தில் பாதி நாள் அந்த வெயில்தான். இன்னொன்றும் இருக்கிறது. சில கிருமிகள் பெருகும்போது நஞ்சை விட்டுவிட்டுப் போகும். பிறகு கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. அதனால் சூடு பண்ணிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. இது பிராய்லருக்கு மட்டுமல்ல, நாட்டுக்கோழிக் குழம்புக்கும் கிடா விருந்துக்கும் இதே கணக்குத்தான்.

டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வரவேண்டிய ஊர் என்றால், கடைசியாக வாங்க வேண்டியது கோழி. முதலில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜவுளி எடுக்கப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் எல்லோரும் கை வைப்பதற்கு முன்பே தனியாக எடுத்துப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த நாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மிச்சம் வைக்க வேண்டாம், அரைக் கோழியாக வாங்குங்கள்.

எலும்பை அன்றைக்கே நசுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைத்தால் அருமையாக இருக்கும். நாய்க்கு மட்டும் அந்த எலும்பைப் போடாதீர்கள். சுட்ட கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

தொட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்னி

கோழி நன்றாக இருந்தும் வயிறு கெடுகிறதென்றால் கூடக் கொடுத்த மயோனைஸையும் பாருங்கள். பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்வது அது. அதைத் தீயிலேயே காட்டுவதில்லை. காலையில் அடித்து வெளியே வைத்து இரவு வரை கொடுத்தால் ஆபத்து. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதும் இதனால்தான். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருக்கிற வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். வெங்காயமும் எலுமிச்சையும் போதும். புதினா சட்னி வீட்டில் அரைத்தால் பத்து நிமிடம்.

பார்த்துத் தெரியாதது

கண்ணால் பார்த்தோ, மோந்தோ தெரியாத ஒன்று உண்டு. கோழிக்குக் கொடுத்த மருந்து. நோய் வந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த மருந்து உடம்பை விட்டுப் போக இத்தனை நாள் என்று உண்டு. அந்த நாள் முடிவதற்குள் கோழியைப் பிடிக்கக் கூடாது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கறிக்காக வளர்க்கிற கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை போட்டது. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது, கோழிக்கும் கொடுத்துப் பழக்கினால் பிறகு யாருக்கும் வேலை செய்யாது என்பதற்காக.

இந்த இடத்தில் வாங்குகிறவருக்கு எந்தச் சோதனையும் இல்லை. இது எங்கள் கையில் இருக்கிறது. மருந்து கொடுத்த தேதியைச் சுவரில் தொங்குகிற அட்டையில் எழுதி வைக்க வேண்டும். லாரி நாளைக்கு வருகிறது என்று போன் வந்தால் அட்டையைப் பார்த்து, நாள் முடியவில்லை என்றால் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஒரு நாள் கூட நின்றால் தீவனக் கணக்கு ஏறும், கூலி குறையும். 1.3 கிலோ கோழி ஒன்றுக்கு என் கைக்கு வருவது பத்து ரூபாய் சுமார். 400 ரூபாய்க்கு விற்கிற கோழியில் அவ்வளவுதான் என் பங்கு. அதில் கரண்டு, கூளம், ஆள் போகவேண்டும்.

2006-ல் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் ஷெட் போடவில்லை, ஆனால் போட்டிருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். 2020-ல் கோழி தின்றால் கொரோனா வரும் என்று செல்போனில் பரப்பிவிட்டபோது எங்கள் ஷெட்டிலேயே கோழி வாங்க ஆளில்லாமல் நின்றது. அடுத்த குஞ்சு இறக்கவே மாதக்கணக்கில் ஆனது. ஒரு வதந்திக்கு அவ்வளவு பலம். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பத்து பேர் ஊரில் இருந்தால் அந்த வதந்தி அவ்வளவு தூரம் போகாது. கடைக்காரரும் இரண்டாவது கட்டை வாங்கி வைப்பார்.

ஆகவே கேள்வி கேட்ட வாசகிக்கு என் பதில்: வாங்கிக் கொடுங்கள், மாதம் ஒரு தரம் போதும். பிள்ளைகளையும் கடைக்கு முன்னால் நிறுத்தி இறக்கை நுனியையும் கால் மூட்டையும் வெட்டுக் கட்டையையும் காட்டிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு ஏற்றியது என்று அவர்களையே கேட்க விடுங்கள். ஷெட் வைத்திருக்கிற மற்ற வாசகர்கள் கூளம் நனையாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் எனக்கும் உதவியாக இருக்கும். ஐப்பசி மழைதான் எங்கள் ஷெட்டுக்கு ஒவ்வொரு வருடமும் பரீட்சை.